காகிதத்தில் பதினெட்டு

என் மகளுக்கு முந்தின நாளோடு பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று வங்கியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தபோது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். சக்கர நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போல ஏதோ ஒரு முனகலை ராகம் மாதிரி இழுத்துக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குள் வெளிச்சம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு கிடையாது, நடை கிடையாது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பாதித்துவிட்டது. நான் செய்தியை இரண்டு தடவை படித்தேன். சிறார் கணக்கு முடிந்தது, பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும், அதுவரை பணம் எடுக்க முடியாது. அவளுடைய உதவித்தொகை அந்தக் கணக்கில்தான் விழும். வலிப்பு மாத்திரை அதில்தான் வாங்குவேன். ஆனால் நான் இரண்டாம் தடவை படித்தது அதற்காக இல்லை. பதினெட்டு முடிந்தது இவளுக்கு இல்லை. இவளுக்குப் பதினாறுதான். பதினெட்டு முடிந்தவள், குளத்தூர்ப் பக்கம் எங்கள் புஞ்சையின் வரப்போரம் மண்ணுக்குள் இருக்கிறாள்.

கோவில்பட்டியில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஜெராக்ஸ் கடை. கடை என்றால் பத்துக்கு எட்டு அறை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நான், இவள். மனு எழுதுவேன், சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவேன், போட்டோ எடுப்பேன். வாய் கொஞ்சம் நீளம். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் ஒரு தேதி என்று யாராவது வந்து நின்றால், "ஏன் அண்ணாச்சி, ஒங்கள ஒங்க அம்மா ரெண்டு தடவையா பெத்தாவ?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவேன். தப்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள், போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திட்டி அனுப்புவேன். அப்படித் திட்டும்போதெல்லாம் என் முதுகுப் பக்கம் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் இவள் மட்டும்தான் இருப்பாள்.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. விளாத்திகுளத்தில் ஆஸ்பத்திரிப் பிரசவம். பேர் வைத்தோம், பேரோடு பிறப்புச் சான்று வாங்கினோம். நல்ல கொழுகொழு பிள்ளை. ஏழாம் மாதம் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் விடிந்தபோது மடியில் சூடு இல்லை.

எங்கள் பக்கம் பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் எரிக்க மாட்டார்கள், சொந்தப் புஞ்சையில் புதைப்பார்கள். குழிக்குள் வைக்கும் முன்னால் உடம்பில் ஓர் இடத்தில் அடுப்புக்கரியைத் தொட்டு அடையாளம் வைப்பார்கள். அதே வயிற்றுக்குத் திரும்பி வரும்போது தெரிய வேண்டுமே, அதற்கு. தாய் அழக்கூடாது. அழுதால் பிள்ளை வழி தவறி வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பார்கள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அழாத தாயி, வந்துருவா, அழாத" என்று என் வாயைப் பொத்தினார்கள். நான் அழவில்லை. வலது குதிகாலில் கரி வைத்தார்கள். என் கணவர் கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டதால், அவருடைய தம்பிதான் தூக்கிக்கொண்டு போய் மண்ணைப் போட்டு வந்தார். இறப்பை யாரும் பதியவில்லை. திரும்பி வரப்போகிற பிள்ளைக்கு எதற்கு இறப்புச் சான்று?

சரியாகச் சொன்னபடி இவள் வந்தாள். ஐப்பசி மழை. கரிசலில் மழை விழுந்தால் சக்கரம் நகராது, மண் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போன வேன் பாதி வழியில் புதைந்து நின்றுவிட்டது. அந்த வேனுக்குள்ளேயே பிறந்தாள். வெகுநேரம் அழவில்லை. ஆஸ்பத்திரியில் பிறக்காததால் இவளுக்கு எந்தப் பதிவும் இல்லை. குளிப்பாட்டும்போது வலது குதிகாலில் கறுப்பாக ஒரு மச்சம். கூடியிருந்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளேதான் வந்துவிட்டாள் என்றார்கள். வேறு பேர் வைத்தால் கோபித்துக்கொள்வாள் என்று அதே பேரைக் கூப்பிட்டோம். வீட்டில் அந்தப் பேருக்கு ஏற்கெனவே பிறப்புச் சான்று இருந்தது.

என் மேல் யாரும் எதையும் திணிக்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. செத்தவள் வந்துவிட்டாள் என்றால் யாரும் சாகவில்லை என்று ஆகிறதல்லவா? அந்தச் சான்றை வைத்துத்தான் சிறப்புப் பள்ளியில் சேர்த்தேன், ஆதார் எடுத்தேன், மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினேன். இவளுக்காக ஊரை விட்டுக் கோவில்பட்டிக்கு வந்து, என் கணவர் மில்லில் சேர்ந்து, நான் கடை போட்ட பிறகுதான் இது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு விளங்கியது. திருத்தவில்லை. திருத்தினால் அவள் செத்ததாக நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதனால் அவள் காகிதத்தில் வளர்ந்துகொண்டே இருந்தாள். ஐந்து வயதில் கைரேகை, பதினைந்து வயதில் மறுபடியும் கைரேகை. ரேகை இவளுடையது, வயது அவளுடையது. பிறந்த நாளுக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் வயதைக் கேட்பார், என் வாயில் சான்றில் இருக்கிற வயதுதான் வரும். எடுத்த சட்டை எல்லாம் இவளுக்குத் தொளதொளவென்று நிற்கும். இரண்டு வயது போனால் சரியாக இருக்கும் என்று மடித்து வைப்பேன். இரண்டு வருஷம் கழித்து எடுத்தாலும் சேராது, இவள் மெலிந்த உடம்பு. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது, ஒரு தடவைகூடப் போடாத பாவாடை சட்டைகள் சின்னதிலிருந்து பெரியது வரை ஒரு வளர்ந்த பெண்ணின் அளவுக்கு அடுக்கி இருந்தன. பீரோவை மூடிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

சான்றில் இருக்கிற அந்தப் பிறந்த நாளில் இன்னொன்றும் நடக்கும். ஓயாமல் முனகுகிற பிள்ளை அன்றைக்குக் காலையிலிருந்து வாயே திறக்காது. சாப்பிடும், தூங்கும், சத்தம் மட்டும் இருக்காது. வருஷா வருஷம் இப்படித்தான். டாக்டரிடம் சொன்னேன், தற்செயலாக இருக்கும் என்றார். இருக்கலாம். அவர் வந்து பார்த்ததில்லை.

வங்கியில் மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். "இனிமே நீங்க கையெழுத்துப் போட்டு எடுக்க முடியாதும்மா. அவங்க மேஜர் ஆயிட்டாங்க. அவங்களால முடியாதுன்னா, சட்டப்படி நீங்கதான் காப்பாளர்னு தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ்ல சான்று வாங்கிட்டு வரணும்." நேற்று வரைக்கும் நான் தாய், இன்றைக்கு யாரோ ஒருத்தி. இந்தச் சான்றுக்கு எத்தனையோ தாய்மாருக்கு நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நானே போடும்போது பிறந்த தேதிக் கட்டத்தில் விரல் நின்றது. அப்புறம் பழைய சான்றில் இருந்த தேதியையே அடித்தேன். எங்கள் ரேஷன் கார்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது, அதனால் விசாரணை ஊர் வி.ஏ.ஓ.வுக்குப் போயிற்று. நான்கைந்து கேள்வி கேட்டு எழுதி அனுப்புவார், முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும், அவரே கூப்பிட்டார். வெளியூர்க்காரர், சின்ன வயது, குரலில் தயக்கம் தெரிந்தது. "அம்மா, இந்தப் பேர்ல ஒங்களுக்கு இருந்த பொண்ணு கைக்குழந்தையிலயே இறந்துட்டதா ஒங்க கொழுந்தனாரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. புதைச்ச இடமும் காட்டுறேங்கிறாரு. அப்ப நீங்க யாருக்குக் காப்பாளர் சான்று கேக்குறீங்க?"

"எந்தப் பயபுள்ள சொன்னான்? எம்புள்ள இங்கன எம்பக்கத்துல உக்காந்திருக்கா!" என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். இவள் முனகலை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம், ஒரு ஆள் உயரத்துக்குக் கண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ உள்ளே வர நிற்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெயில் மட்டும்தான் கிடந்தது.

அந்த அறிக்கை அப்படியே மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இறந்தவர் என்று ஒரு சொல் பதிவில் ஏறும். அட்டை போகும், உதவித்தொகை போகும், நான் காப்பாளர் ஆக முடியாது. நாளைக்கு நான் கண்ணை மூடினால், இவளை எந்த வாசலில் கொண்டுபோய் விட்டாலும் அப்படி ஒருத்தி இல்லை என்பார்கள். கொழுந்தனார் பொய் சொல்கிறார் என்று நான் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியும். இரண்டு பத்தியில் அவரைப் பொய்யராக்கிவிடுவேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

மறுநாள் நேரில் வந்து பேசுகிறேன் என்று வி.ஏ.ஓ.விடம் சொன்னேன். என் கணவருக்கு அன்று ஷிப்ட். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் இவளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுப் பிள்ளையின் கனம்தான் இருக்கும். ஊர் போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. உச்சிப்பொழுதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகாதே என்று எதிரில் வந்த ஒருத்தி சொன்னாள். நான் நின்று பேசவில்லை.

கொழுந்தனார் புஞ்சையில் நின்றார், வி.ஏ.ஓ. பக்கத்தில் பையோடு நின்றார். உளுந்து எடுத்து முடித்த நிலம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கால் வைத்தால் விரல் உள்ளே போகிற வெடிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் வரப்பில் நின்றே சத்தம் போட்டேன். "ஏன் கொழுந்தனாரே, எம்புள்ளய நீங்களே கொல்லுதீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா? குதிகால்ல மச்சத்தப் பாத்துட்டு நீங்களும்தான கும்பிட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "மைனி, கும்பிட்டேன். நீங்க சிரிச்ச மொகமா இருந்தீங்க, அதனால கும்பிட்டேன்" என்றார். "சர்க்கார் ஆளு வந்து, இந்தப் பேர்ல இந்தத் தேதியில பொறந்த புள்ள எங்கன்னு கேட்டாவ. அந்தத் தேதியில பொறந்த புள்ளைக்கு நான்தான மண்ணு போட்டேன்? நான் என்ன சொல்லணும்?"

பிறகு வரப்போரமாக நடந்து போய் ஓர் இடத்தில் நின்றார். சுற்றிலும் உழுது விதைத்து அறுத்த நிலம். அந்த இடத்தில் மட்டும் ஒரு தொட்டில் அளவுக்கு உழாத மண் மேடாக இருந்தது. எத்தனையோ வருஷமாக டிராக்டர் அதைச் சுற்றிப் போயிருக்கிறது. எனக்கு இது தெரியாது. அவள் வந்துவிட்டாள் என்று சொன்ன நாளிலிருந்து நான் இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

"அவளும் இவளும் ஒண்ணுதான்னா, நான் ஏன் மைனி வருஷா வருஷம் இந்த எடத்த உழாம விடுதேன்? அது இங்கன ஒத்தையில கெடக்கு. இது ஒங்க இடுப்புல இருக்கு." கையில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு புள்ளைய மைனி. நீங்கதான் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

அப்போதுதான் அது நடந்தது. இவளுக்குக் கழுத்து நிற்காது, எப்போதும் என் தோளில் சரிந்துதான் கிடக்கும். அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அந்த மேட்டைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே பார்த்தாள். கண் அங்கிருந்து நகர்ந்து, மெதுவாக, ஒருத்தி நடந்து வருகிற வேகத்தில் என்னிடம் வந்து, என் மறுபக்கத் தோளுக்கு அருகே வந்து நின்றது. நின்றதும் சிரித்தாள். தெரிந்தவர்கள் விளையாட்டுக் காட்டினால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு அது. காற்றே இல்லை. எனக்கு அந்தத் தோள் பக்கம் மட்டும் சிலிர்த்துப் போயிற்று, திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"யாரைப் பாத்து சிரிக்குது?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்துவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வெயில் அதிகமா இருக்கு, ரோட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

ரோட்டோரம் நின்றுதான் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் சார், முதல் பிள்ளை ஏழு மாதத்தில் செத்துப்போச்சு, இது இரண்டாவது, இதுக்குப் பதினாறு. பொய்ச் சான்று கொடுத்ததாக உள்ளே போட்டுவிடுவார்களோ, உள்ளதும் போய்விடுமோ என்று பயம். அவர் யோசித்துவிட்டு, "ஊனம் பொய் இல்லையே, வயசுதானே தப்பு. ஆர்.டி.ஓ.கிட்ட உள்ளதைச் சொல்லி ரெண்டு மனு போடுங்க. ஒண்ணு இறப்பப் பதியறதுக்கு, ஒண்ணு இந்தப் பொண்ணோட பிறப்பப் பதியறதுக்கு. நான் நடந்தபடி எழுதித் தாரேன்" என்றார். பிறகு, "நீங்கதான் ஊருக்கே மனு எழுதுறீங்களாமே" என்றார். ஆமாம், நான்தான் ஊருக்கே எழுதுகிறவள்.

மறுநாள் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இறப்பு மனுவை முதலில் அடித்தேன். இறந்தவரின் வயது, இறந்த இடம், இறப்புக்குக் காரணம். மற்றவர்களுக்கு என்றால் ஐந்து நிமிஷ வேலை. எனக்குக் காலையிலிருந்து பிற்பகல் வரை ஆயிற்று. பிறகு இவளுடைய பிறப்புப் படிவம். பிறந்த இடம் என்ற கட்டத்தில், விளாத்திகுளம் போகிற வழியில் வேனில் என்று எழுதினேன். கீழே ஒரு கட்டம் உண்டு: இந்தக் குழந்தையையும் சேர்த்து இந்தத் தாய்க்கு உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை? பள்ளியில், ஆஸ்பத்திரியில், யார் எங்கே கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். கட்டத்துக்குள் 2 என்று அடித்தேன். அடித்துவிட்டு, வாயைப் பொத்த ஆள் இல்லாததால், மேஜையில் தலையை வைத்து அழுதேன். என் மூத்த பிள்ளைக்காக, அவள் செத்து இத்தனை வருஷம் கழித்து, முதல் தடவையாக அழுதேன். ஏழு மாதப் பிள்ளை அவள். இரண்டு பல் முளைத்திருந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆர்.டி.ஓ. ஒரு பெண். இரண்டு மனுவையும் கடைசி வரை படித்தார். "இறப்பை ஏன் அப்பவே பதியலை?" என்று கேட்டார்.

"செத்துட்டான்னு நான் நெனைக்கல மேடம்."

அவர் நிமிர்ந்து என்னையும், நாற்காலியில் இருந்தவளையும் பார்த்தார். "அப்போ இது யாரு?"

"எளையவ மேடம்" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் சொன்னதே இல்லை. அவர் வி.ஏ.ஓ.வின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உறுதிமொழிப் பத்திரம் கேட்டார், சாட்சி கேட்டார். கொழுந்தனாரே வந்து சாட்சி போட்டார். ஒன்றரை மாதம் அலைந்தேன். இரண்டு சான்றும் ஒரே நாளில் கைக்கு வந்தன. ஒரே பேர், ஒரே தாய் தகப்பன். ஒன்று இறப்பு, ஒன்று பிறப்பு. ஆதாரில் தேதி மாறியது, வங்கியில் கணக்கு மறுபடியும் சிறார் கணக்காயிற்று, உதவித்தொகை திரும்ப வந்தது. "இன்னும் ரெண்டு வருஷத்துல இதே காப்பாளர் சான்றுக்கு மறுபடியும் வரணும்மா, தெரியும்ல?" என்றார் மேனேஜர். "வாரேன் சார்" என்றேன்.

கடைசி வேலை, மாற்றுத்திறனாளி அட்டைக்குப் புதுப் போட்டோ. என் கடையில் நானே எடுத்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் நாற்காலியைத் தள்ளி, ஒரு கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அழுத்தினேன். இதற்கு முன் எத்தனையோ போட்டோ எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அந்தக் கண் இருக்கிறதா, அந்த நெற்றி இருக்கிறதா என்றுதான் தேடுவேன், இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

பிரிண்டரிலிருந்து தாள் மெல்ல வெளியே வந்தது. எட்டுக் கட்டத்திலும் ஒரு பெண். மூக்கு என் கணவரின் மூக்கு. புருவம் யாருடையது என்று தெரியவில்லை. மேலுதட்டில் பூனைமயிர் அரும்பி, பதினாறு வயது முகம் முழுசாக எழுந்து நிற்கிறது. பெற்றவளுக்கு அந்த முகம் தெரியவில்லை. முதலில் பயம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எந்த வீட்டுப் பிள்ளை என் கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று உடம்பெல்லாம் கூசியது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே போய், அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, நீ யாரு?" என்று கேட்டேன்.

பதினாறு வருஷமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, இடுப்பில் சுமந்தவளிடம் அதை நான் கேட்டதே இல்லை. அவள் எனக்குப் பக்கத்திலோ பின்னாலோ பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவளுடைய பாஷையில் நீளமாக என்னவோ சொன்னாள். நான் எச்சிலைத் துடைத்துவிட்டு, முழுவதையும் கேட்டேன்.